ரிவர்ஸ் கியரில் நின்ற வண்டி

விடிந்ததும் கிளாட்வின் எழுந்துவிடுவான். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பான். காப்பி போடுவான். ஒருவருக்கு மட்டும் பால் ஊற்ற அவன் கை இன்னும் பழகவில்லை. கொஞ்சம் மிஞ்சும், அதையும் குடித்துவிடுவான். அழுக்குத் துணியை மெஷினில் போட்டுவிட்டுக் குளிப்பான். சட்டை மாட்டியதும் ஃபிரிட்ஜ் மேலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவான்.

கார் வீட்டுச் சுவரையொட்டி, தெருமுனையில் நிற்கும். கதவைத் திறந்து உட்காருவான். இடது காலால் கிளட்ச்சை அழுத்திச் சாவியைத் திருப்புவான். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் பின்னால், எதிர்வீட்டு லூர்துநாதனின் இரும்புக் கேட்டில் விழும். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கமாட்டான். கால் கடுத்து நடுங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். பிறகு எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டி, பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவான். ஒரு ஆர்க்கிடெக்ட்டிடம் பழைய கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை.

கார் லினெட்டுடையது. அவள் ஃபிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கைகால் பழக்கிவிடுவாள். பிள்ளைச்சாவடி முதல் வில்லியனூர்வரை அவளுக்கு வீடுகள் இருந்தன. கிளாட்வினுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் ஓட்டுவது அவள்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான்.

ஜூனில் ஒரு காலை, முதல் வீட்டை முடித்துவிட்டு அவள் தலைவலி என்று திரும்பி வந்தாள். வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினாள். கியரை ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கினாள். அந்தத் தெருவில் யாருமே ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. கடல் பக்கம். நாலு நாள் நின்றால் உப்புக் காற்றில் ஹேண்ட்பிரேக் துருவேறிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லோரும் கியரில் விட்டுவிட்டுப் போவார்கள். அன்று சாயங்காலம் லினெட் இறந்துபோனாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

சும்மா நின்றால் பாட்டரி போய்விடும், தினம் கொஞ்ச நேரம் ஓடவிடு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அவனும் ஓடவிட்டான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் காலைத் தூக்கிக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவள் கை கடைசியாகத் தள்ளிவிட்ட இடத்தில் அந்தக் கியர் இருந்தது. அதை அவன் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா தேர்த் திருவிழா முடிந்தது. மறுநாள் காலை கிளாட்வின் வழக்கம்போல் உட்கார்ந்து, கிளட்ச்சை அழுத்தி, சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடித்தது. ஆனால் காய்ச்சல்காரன்போல் உடம்பு முழுக்க உதறியது. புகைக்குழாயில் டப் டப்பென்று வெடித்தது. டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் அதே கதை.

அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான். சவப்பெட்டியை மூடியபோதுகூட அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது பயமாக இருந்தது. அவளுடைய புடவைகள் அலமாரியில் இருந்தன, செருப்பு வாசலில் இருந்தது. எல்லாம் சும்மா கிடப்பவை. அவள் விட்டுப்போனதில் சத்தம் போடுவது இது ஒன்றுதான்.

மெக்கானிக் எழிலரசனுக்குப் போன் செய்தான்.

“இன்னா சார், டாக்டரம்மா வண்டியா? கை வைக்காதீங்க, இதோ வரேன்.”

தான் டாக்டர் இல்லை என்று லினெட்டே அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவருடைய இடுப்பைச் சரிசெய்தவள் அவள், அதனால் அவருக்கு அவள் டாக்டரம்மாதான். எழிலரசன் பிள்ளைச்சாவடிக்காரர். மீன்பிடிக்கிற குடும்பம். படகில் ஏறினால் கரை மறைவதற்குள் குடலைக் கக்கிவிடுவார். “எங்க ஊர்லயே தரையில பொழைக்கிற ஒரே ஆம்பள நான்தான்” என்று அதையும் பெருமையாகச் சொல்வார்.

ஸ்கூட்டரை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்தார். ஒருமுறை சாவியைத் திருப்பச் சொன்னார். தலையை ஆட்டினார்.

“நின்ன எடத்துலயே ஓடவுட்டா இதான். பிளக்குல கரி அடைச்சிருக்கும். சின்ன வேலை.”

பிளக்குகளை மாற்றினார். உதறல் போகவில்லை.

“அப்போ காயில். சந்தேகமே இல்ல சார். காயில் இல்லன்னா என் தலைய எடுத்துக்குங்க.”

போய் வேறு வண்டியிலிருந்து காயில் கழற்றி வந்து மாட்டிப் பார்த்தார். உதறல் அப்படியேதான் இருந்தது.

“தலை?” என்றான் கிளாட்வின்.

எழிலரசன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “எடுத்துக்குங்க. அதுல இன்னா இருக்குது?” சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். “எங்க, இன்னொரு வாட்டி திருப்புங்க. பிடிக்க வேணாம். சுத்தட்டும், போதும்.”

எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

“நிறுத்துங்க. சாவிய எடுத்து இங்க குடுங்க.”

“ஏன்?”

“எப்பவும் முக்கி முக்கித்தான் சுத்தும். உள்ள காத்த அழுத்துது பாருங்க, அந்த முக்கல். இப்ப சும்மா ராட்டினம் மாதிரி சுத்துது. காத்து புடிக்கல. இது கரண்டு சமாச்சாரம் இல்ல சார். டைமிங் பெல்ட்டு நழுவியிருக்கும்.”

“நழுவினா?”

எழிலரசன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஒரு வீடு, ஒரே பாத்ரூம்னு வச்சுக்குங்க. பிஸ்டன் கீழருந்து மேல வருது. வால்வு மேலருந்து கீழ எறங்குது. ரெண்டும் அந்த ஒரே எடத்துக்குத்தான் வரணும். முறை வச்சு வந்தா சண்டையில்ல. அந்த முறைய வைக்கிறது பெல்ட்டு. பெல்ட்டு ஒரு பல்லு, ரெண்டு பல்லு தாவிச்சுன்னா முறை தவறிப் போவுது. பிஸ்டன் வந்து வால்வ இடிக்கும்.”

“இடிச்சா?”

“வால்வு வளைஞ்சிடும். எஞ்சின் ஹெட்டையே கழட்டணும். இந்த வயசு வண்டிக்கு யாரும் அத செய்யமாட்டாங்க சார். காயலான் கடைக்குத்தான் போவும்.”

“காலையில நான் மூணு வாட்டி ஸ்டார்ட் பண்ணேன்.”

எழிலரசன் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார். பிறகு, “இடிச்சிருக்கலாம், இடிக்காமலும் இருக்கலாம். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஷெட்டுக்கு இழுத்துக்கினு போலாம்” என்றார்.

தெரிந்த ஆளுடைய லோடு ஆட்டோ வந்தது. கயிறு கட்டினார்கள். எழிலரசன் கார் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தார். “இன்னா, ரிவர்ஸ்ல கெடக்குது” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

கிளாட்வின் வாயைத் திறந்தான். அதற்குள் கியர் நடுவுக்கு வந்து லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் பழைய தேர்தல் விளம்பரம் பாதி அழிந்து கிடந்தது. ஒன்றுமே ஆகவில்லை. தெருவில் ஒரு பெண் கீரை விற்றுக்கொண்டு போனாள்.

“ஸ்டீயரிங் புடிங்க சார், போலாம்.”

உட்கார்ந்தான். கார் நகர்ந்தது. ஸ்டேடியத்தைத் தாண்டிப் பழைய துறைமுகத்துப் பக்கம் எழிலரசனின் ஷெட். எஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங் கல்லாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே போனான்.

ஷெட்டில் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் பெல்ட் தெரிந்தது. கருப்பு ரப்பர் பட்டை, உள்பக்கம் பல் பல்லாக. வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்த வாய்க்கால்போல் வெடித்திருந்தது. எழிலரசன் கீழ்ச் சக்கரத்தைத் திருப்பி அதன் குறியை நேரே நிறுத்தினார். மேல் சக்கரத்தின் குறியும் நேரே நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஒதுங்கி நின்றது.

“பாத்தீங்களா? ரெண்டு பல்லு.” குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். “டாக்டரம்மாட்ட போன வருஷமே சொன்னேன் சார், பெல்ட்ட மாத்திடலாம்னு. ‘மழை முடியட்டும்ணே’ன்னுச்சு. அப்புறம் வெயில் வந்துச்சு, ‘கேஸ் நெறைய இருக்குண்ணே’ன்னுச்சு.”

அப்படித்தான் சொல்லியிருப்பாள். கிளாட்வினுக்கு அந்தக் குரலே கேட்டது.

“பழைய பெல்ட். அதனால நழுவிடுச்சு. அவ்வளவுதானே?”

“அங்கதான் இடிக்குது சார். நேத்து காலையில நல்லா ஸ்டார்ட் ஆச்சுங்கறீங்க.”

“ஆச்சு.”

“சும்மா நிக்கற எஞ்சின்ல பெல்ட்டு தானா நகராது. ஓடுறப்போ தாவும், இல்ல அறுந்துடும். நின்னுக்கினே எப்படித் தாவும்? பெல்ட்ட இழுத்துப் புடிக்கிற ஸ்பிரிங்கு ஒடஞ்சிருக்கணும்.”

கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங் உடையவில்லை. கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவே. எழிலரசன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஏமாற்றியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிளாட்வின் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். அலுவலகத்தில் இருநூறு வருடத்துச் சுவர் ஒன்றில் விரிசல் இருந்தால் அவனை அனுப்புவார்கள். விரிசலை வரைவதற்கு முன் தரையைப் பார் என்பார் ஆர்க்கிடெக்ட். அவன் மனதில் காலை பார்த்த தரை வந்தது. கதவைத் திறக்கும்போது முன் டயருக்கு அடியில் ஒரு மெழுகுவர்த்தி நசுங்கிக் கிடந்தது. பவனியில் கையில் பிடித்து வருகிற, கீழே காகிதக் கிண்ணம் சுற்றிய மெழுகுவர்த்தி. பாதி வெளியே, பாதி டயருக்கு உள்ளே. பார்த்தான், ஆனால் யோசிக்கவில்லை. ஜூனிலிருந்து உருளாத டயருக்கு அடியில் நேற்றைய மெழுகுவர்த்தி எப்படிப் போனது?

“ரிவர்ஸ் கியர்ல நிக்கற வண்டிய முன்பக்கமா தள்ளினா எஞ்சின் எந்தப் பக்கம் சுத்தும்?” என்றான்.

எழிலரசன் திரும்பினார். கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், பிறகு அதை மாற்றிப் போட்டார்.

“தலைகீழா சுத்தும்.”

“அப்போ பெல்ட் தாவுமா?”

“புது பெல்ட்டு தாவாது. இது...” அவர் ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார். “தாவும் சார். இழுவை அந்தப் பக்கத்துலேந்து இந்தப் பக்கம் மாறும். தளர்ந்த ஸ்பிரிங்கு தாங்காது. அட, தாவும்! எவன் தள்ளுனான்?”

கிளாட்வின் லூர்துநாதனுக்குப் போன் செய்தான். எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் பலருக்கு அவர் ஐயா இல்லை, ‘மிசியே’; தெருவில் தேர்க் கமிட்டிக்குத் தலைவர். போனில் ஒரு வார்த்தை கேட்டதுமே, “இரு, வரேன்” என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக சைக்கிளில் வந்து இறங்கினார்.

“தள்ளினோம்ப்பா” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. “நாங்கதான். லைட் செட்டுக்காரன் இந்த வருஷம் தேர ரெண்டு முழம் அகலமா கட்டித் தொலைச்சிட்டான். உன் மூலையில திரும்பல. மாதா அங்கயே நிக்கறாங்க, பேண்டு செட்டு வாசிக்குது, சனம் பின்னாடி நெருக்குது. உன் கதவத் தட்டினோம். நீ இல்ல.”

பேண்டு சத்தம் கேட்டதும் கிளாட்வின் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்குப் போயிருந்தான். கடலைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தான்.

“போன் பண்ணீருக்கலாமே அங்கிள்.”

“பண்றேன்னாங்க. நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

லூர்துநாதன் தொப்பியைக் கழற்றினார். எழிலரசனை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். ஷெட் சின்னது, தாழ்த்தினாலும் கேட்டது.

“தெனம் காலையில என் கேட்டுல வெள்ள வெளிச்சம் விழுதுப்பா. ரிவர்ஸ் லைட்டு. ஒரு நாளும் வண்டி பின்னாடி வரல, முன்னாடியும் போவல. எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரிக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நீ அந்தப் பொண்ணு விட்ட கியர்லயே வச்சிருக்கன்னு. உன்னக் கூப்புட்டு, வந்து மாத்துடான்னு சொல்றதா? அதான் பசங்கள விட்டுத் தள்ளச் சொன்னேன். அம்மாடி, என்னா முரண்டு! ஆறு பேரு எம்பி எம்பித் தள்ளினாங்க. தேர் தாண்டினதும் திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டோம்.”

“அதே எடத்துலயா?”

“தள்றதுக்கு முன்னாடியே நாலு டயருக்கும் சாக்பீஸ்ல கோடு போட்டேன். இருட்டுல டார்ச் அடிச்சு, குனிஞ்சு பாத்துப் பாத்து அந்தக் கோட்டுலயே நிறுத்துனோம். அப்புறம் கோட்டத் தண்ணி ஊத்தி அழிச்சிட்டோம். ஒரு இஞ்சு மாறல கிளாடு. நீ கண்டுபுடிக்கவே மாட்டன்னு நெனச்சேன்.”

“இஞ்சு மாறல மிசியே” என்றார் எழிலரசன். “பல்லுதான் மாறிப்போச்சு.”

அவர் விளக்கிச் சொன்னார். பாத்ரூம் கதையை மறுபடியும் சொன்னார். லூர்துநாதன் கேட்கக் கேட்க சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மோன் தியே. கடவுளே. நான் வண்டியக் கெடுத்துட்டேனா?”

“இன்னும் தெரியாது. உக்காருங்க.”

கிளாட்வினுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். எங்கே என்று தேடிப் பார்த்தான். ஆறு பேர் இருட்டில் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கண்முன் வந்தது. தான் மட்டுமே ரகசியமாகக் காவல் காத்துக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். தெருவே காவல் காத்திருக்கிறது. காத்ததில்தான் பெல்ட்டும் போனது.

“டீ சொல்லட்டுமா அங்கிள்?” என்றான்.

எழிலரசன் புது பெல்ட் வாங்கிவந்து, ஸ்பிரிங்கையும் மாற்றி, குறிகளை நேர் நிறுத்தி மாட்டினார். பிறகு சாவியைத் தொடாமல், பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கீழ்ச் சக்கரத்தில் கொடுத்து எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். எங்காவது தட்டினால் கை உணரும் என்றார். லூர்துநாதன் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். முழுச் சுற்று வந்தது. தட்டவில்லை.

“இடிக்கல. ஆனா அப்பவே இடிச்சு வளைஞ்சிருந்தா இப்ப தெரியாது. காத்து நிக்குதான்னு பாக்கணும்.”

பிளக்குகளைக் கழற்றி, முதல் துளையில் காற்றழுத்தம் அளக்கிற ஒரு கேஜைத் திருகினார். முகப்பு கடிகாரம்போல் இருந்தது. வால்வு வளைந்திருந்தால் மூடாது, மூடாவிட்டால் காற்று ஓடிவிடும், முள் ஏறாது.

“நீங்க உள்ள உக்காருங்க. ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சிக்கினே சாவிய திருப்புங்க. நான் சொல்றப்போ விடுங்க.”

கிளாட்வின் உட்கார்ந்தான். திறந்த பானெட் பார்வையை மறைத்தது. எழிலரசனின் செருப்பு மட்டும் கீழே தெரிந்தது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் முக்கியது.

“விடுங்க. நல்லாயிருக்கு.”

இரண்டாவது. “இதுவும் நல்லாயிருக்கு.”

மூன்றாவது. சாவியைத் திருப்பினான். விடச்சொல்லிக் குரல் வரவில்லை. திருப்பிக்கொண்டே இருந்தான்.

“விடுங்க, விடுங்க. இன்னொரு வாட்டி.”

திருப்பினான்.

“போதும்.”

கிளாட்வின் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். லினெட் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டான். காரை எடுக்கப் பயந்து, மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன், அந்த நேரம் மிச்சமாகியிருந்தால்? இல்லை தம்பி, ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அவன் நம்பாமல் வேறொரு ஊரில் வேறொரு டாக்டரிடம் போய் ஸ்கேனைக் காட்டிக் கேட்டான். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேருமே இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

“சார், எறங்கி இங்க வாங்க.”

போனான். கேஜின் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

“கம்மியா இருக்கு” என்றார் எழிலரசன். “ரெண்டு காரணம் இருக்கலாம். வால்வு வளைஞ்சிருக்கலாம். இல்லன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கலாம். எதுன்னு இப்ப பாத்துடலாம். கொஞ்சம் எண்ணெய் ஊத்துறேன். ரிங்கு தேஞ்சிருந்தா எண்ணெய் போய் அந்த சந்த அடைச்சிக்கும், முள்ளு ஏறும். வால்வுன்னா எவ்ளோ ஊத்தினாலும் ஏறாது. மிசியே, நீங்க போய் சாவிய திருப்புங்க. சார் இங்க நின்னு பாக்கட்டும்.”

லூர்துநாதன் டீயை வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

ஒரு ஸ்பூன் எண்ணெய் துளைக்குள் போனது. கேஜைத் திருகினார். “திருப்புங்க!”

முள் துள்ளியது. ஏறியது. நின்று, இன்னொரு துள்ளலில் பழைய இடத்தைத் தாண்டி, மற்ற இரண்டும் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“ரிங்கு” என்றார் எழிலரசன். “ரிங்குதான் சார். வால்வு இல்ல. வண்டிக்கு வயசாயிடுச்சு, அவ்ளோதான். தள்ளினதால இல்ல. நீங்க காலையில ஸ்டார்ட் பண்ணதாலயும் இல்ல. அதுக்கு முன்னாடியே தேஞ்சிருக்கு. யாரு இன்னா பண்ணியிருந்தாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.”

கிளாட்வின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர்கள் சொன்னதை நம்பாதவன் இதை நம்பினான். ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. முள் கண்ணுக்குத் தெரிந்ததால் இருக்கலாம்.

“ஓடுமா?”

“ஓடாம? எண்ணெய் கொஞ்சம் குடிக்கும், நல்லா ஓடும்.”

நான்காவது துளையிலும் குறையில்லை. பிளக்குகளை மாட்டி, மூடியைப் போட்டு, சாவியைத் திருப்பியபோது எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது. உதறலில்லை. அந்தப் பழைய சத்தம். லூர்துநாதன் காரிலிருந்து இறங்கி எழிலரசனின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மெர்சி, மெர்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு சொல்றேன் சார்” என்றார் எழிலரசன். “நின்ன எடத்துல உறும விடாதீங்க. வண்டிக்கு அது ஆவாது. ஓட்டுங்க. இப்பவே ஒரு அரை மணி ஓட்டிப் பாருங்க. நான் வரட்டா?”

“வேணாம்.”

“நான் வரேன்” என்றார் லூர்துநாதன்.

“வேணாம் அங்கிள். தள்ளணும்னா கூப்பிடறேன்.”

லூர்துநாதன் திடுக்கிட்டுப் பார்த்தார். கிளாட்வின் சிரிக்கவில்லை. ஆனால் அது கிண்டல்தான் என்று புரிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டுவதற்கு உட்கார்ந்தபோதும் ஸ்டீயரிங் எப்போதும்போல் நெஞ்சில் இடித்தது. லினெட் குள்ளம். இதுவரை தொடாத சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். முதல் கியர் போட்டான். ஒரு சிக்னலில் எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். மறுபடி ஸ்டார்ட் செய்தான். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. வில்லியனூர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மூலக்குளம் வருவது தெரிந்தது.

மூலக்குளத்தில் லினெட்டின் அம்மா ஆரோக்கியம் தனியாக இருந்தார். நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கிளாட்வின் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை. போனில், “சாப்ட்டீங்களா மாப்ள?” என்பார். “சாப்ட்டேன் அத்தை” என்பான். அத்தோடு வைத்துவிடுவார்கள்.

அவன் நிறுத்துவதற்குள் ஆரோக்கியம் வாசலுக்கு வந்துவிட்டார். மீன் கழுவிக்கொண்டிருந்த கை. செதிள் ஒட்டியிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காரைப் பார்த்தார், பிறகுதான் உள்ளே இருந்தவனைப் பார்த்தார்.

“நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?”

“ஆமா அத்தை.”

“யாரு மேலயும் ஏத்தலியே?”

“இல்ல.”

“நம்புறேன்.” முந்தானையில் கையைத் துடைத்தார். வீட்டைப் பூட்டவில்லை. சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். “அணைக்காதீங்க. கொஞ்சம் ஓடட்டும்.”

ஓடியது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அடக்கப் பூசைப் பிரசங்கத்துல ஃபாதர் சொன்னாரு” என்றார் ஆரோக்கியம், எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே. “இயேசுவேன்னு சொல்லிக்கிட்டேதான் அவ உசுரு போச்சுன்னாரு. பக்கத்து வீட்டு சொர்ணம், அம்மான்னு கூப்ட்டாளாம்ங்கறா. யாரு அவகிட்ட சொன்னாங்களோ. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கூட இருந்தது நீங்க. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. கேட்டா இந்தப் புள்ள ஒடஞ்சி போயிடுமோன்னு நானும் கேக்கல.” அவர் திரும்பி அவனைப் பார்த்தார். “உண்மையச் சொல்லுங்க மாப்ள. எதுவா இருந்தாலும் பரவால்ல. கடைசியா என்னா சொன்னா?”

கிளாட்வின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாளும் யாராவது இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவன் வாயைத் திறக்காமல் இருந்தான். அவள் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடவுளுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

“ஆட்டோவுல என் தோள்ல சாஞ்சிருந்தா” என்றான். “கண்ண மூடிக்கிட்டிருந்தா அத்தை. பேசாத, இதோ வந்துடுச்சுன்னு நான்தான் பேசிக்கிட்டே வந்தேன். ஆட்டோக்காரர் ரொம்ப வேகமா போனாரு. கண்ணத் தொறக்காமலே அவளுக்கு எந்த எடம்னு தெரிஞ்சுது. தலைய லேசா தூக்கி அவர்கிட்ட சொன்னா. அதுக்கப்புறம் பேசல.”

“என்னா சொன்னா?”

“‘அண்ணே, அந்த மரத்தாண்ட ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு. பெயின்ட் அழிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாத்து மெதுவா ஏத்துங்க.’”